பாறையும் ஏடும்: லாக் கீ ஏரித் தீவின் கதை



அயர்லாந்தின் மேற்கே, கொனாக்ட் மாகாணத்து ராஸ்காமன் மாவட்டத்தில், பாயில் என்னும் சிற்றூருக்கு அருகே லாக் கீ என்றோர் ஏரி உண்டு. ஷானன் பேராற்றில் கலக்கச் செல்லும் பாயில் ஆறு அதனூடே பாய்கிறது. ஏரிக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட தீவுகள். பலவும் மரம் அடர்ந்தவை. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ அரை ஏக்கர் அளவே உடையது. அதன் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு, கூரையிழந்த கற்கோட்டை ஒன்று நீரிலிருந்து நேரே எழுந்ததுபோல் நிற்கிறது. அயர்லாந்தைக் காட்டும் சுற்றுலாப் படங்களில் இதற்குத் தவறாமல் இடமுண்டு. படத்தின் அடியில் 'மக்டெர்மட் கோட்டை' என்று அச்சிட்டிருப்பார்கள். பெயர் சரியானதே, கட்டடம்தான் வேறு.

இன்று கண்ணுக்குத் தெரியும் கோபுரமும் பலகணிகளும் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தவை. அக்கரையில் மாளிகை கட்டி வாழ்ந்த கிங் என்னும் ஆங்கிலேய வழிக் குடும்பத்தார், தம் தோட்டத்திலிருந்து ஏரியை நோக்குங்கால் கண்ணுக்கு இனிதாய் ஒரு பழங்கோட்டை தென்படட்டும் என்று, பழைய மதிலின் எச்சங்களின்மேல் கட்டிய அலங்காரக் கோட்டை அது. அந்நாளில் செல்வர்களிடையே இது ஒரு மோகம். பழமை இல்லாத இடத்தில் பழமையைக் கட்டினார்கள். பழமை இருந்த இடத்திலும் அது போதாதென்று புதிதாய் ஒரு பழமையைக் கட்டினார்கள். பிறகு அப்போலிப் பழமையும் பாழடைந்து, மெய்யான இடிபாடாகிவிட்டது. அத்தீவை ஆண்ட குலத்தின் கோட்டையைத் தேடுபவர் கல்லை விட்டு ஏட்டுக்கும் பாட்டுக்கும்தான் போக வேண்டும்.

மக்டெர்மட் குலத்தார் மொய்லர்க் என்னும் சமவெளி நாட்டின் தலைவர்கள். கொனாக்ட் அரசர்களான ஓ கானர் குலத்துக்கு உறவினர். சில வேளை துணை, சில வேளை பகை. அவர்களுடைய தலைமையிடம் இந்தத் தீவு. ஐரிஷ் மொழியில் அதற்குக் 'கர்ரிக்' என்று பெயர். பாறை என்பது பொருள். ஆண்டுக் குறிப்பேடுகள் 'பாறை' என்று மட்டும் சொன்னால் போதும், எந்தப் பாறை என்று எவரும் கேட்டதில்லை.

அப்பாறையைப் பற்றி நிலைத்த முதற்செய்திகளுள் ஒன்று சாவுச் செய்தி. 12ஆம் நூற்றாண்டின் எண்பதுகளில் (எந்த ஆண்டு என்பதில் ஏடுகள் ஒன்றுபடவில்லை) இடி விழுந்து தீவு எரிந்தது. அரச குலத்தாரும் தலைமக்களுமாக நூற்றிருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தலைவனின் மனைவியும் அவர்களுள் ஒருவர். தீக்குத் தப்பியவர்கள் ஒடுங்கிய வாயிலில் நெரிசலுற்று நீரில் மூழ்கினர் என்றும், தலைவன் கொனொகர் மக்டெர்மட் மிகச் சிலரோடு மட்டுமே உயிர் தப்பினார் என்றும் குறிப்பு சொல்கிறது. சுற்றிலும் நீர், நடுவில் தீ. எழுதியவர் அந்த முரணை அழகுபடுத்த முயலவில்லை. எத்தனை பேர், யார் யார், எப்படி என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். பெருந்துயரைச் சொல்லும் உரைநடை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அந்தச் சில வரிகளே போதிய சான்று எனலாம்.

அடுத்து வருவது 1235ஆம் ஆண்டின் முற்றுகை. ஏட்டில் இதைப்போல் விரிவாக எழுதப்பட்ட பகுதிகள் சிலவே. ஆங்கில அரசரின் அயர்லாந்துத் தலைமை நீதியதிகாரி மாரிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டும், கொனாக்ட் நாடு தனக்கே உரியதென்று வந்த ரிச்சர்ட் டி பர்கும் நார்மானியப் படையோடு ஏரிக்கரையை அடைந்தனர். அன்று மொய்லர்க்கின் தலைவர் கார்மக் மக்டெர்மட். நீர் சூழ்ந்த பாறையைக் குதிரைப் படையால் என்ன செய்ய முடியும்? வந்தவர்கள் படகுகளைச் சேர்த்து, அவற்றின்மேல் கல்லெறி பொறியை ஏற்றினர். அதனால் பயன் விளையவில்லை. பின்னர், அருகிலிருந்த ஆர்ட்கார்ன் என்னும் ஊரின் மர வீடுகளைப் பிரித்து மரத்தைக் கொண்டுவந்தனர். மிதப்பதற்காக வெற்றுப் பீப்பாய்களைச் சுற்றிலும் கட்டித் தெப்பம் செய்தனர். தெப்பத்தில் எரிபொருளை நிரப்பித் தீவை நோக்கி இழுத்துச் செல்ல முற்பட்டனர். முன்னொரு முறை பாறை எரிந்த கதை உள்ளிருந்தவர்களுக்கு நினைவிருந்ததோ என்னவோ, தீத்தெப்பத்தைக் கண்டதும் உடன்பட்டுக் கோட்டையை விட்டு வெளியேறினர்.

கதை அதோடு முடியவில்லை. வென்றவர்கள் தீவில் காவற்படையையும் உணவையும் வைத்துவிட்டுத் திரும்பினர். சில நாளில், காவல் தலைவன் தன் ஆட்களோடு ஓர் இரவு கொள்ளைக்கு வெளியே போயிருந்தான். கோட்டைக்குள் இருந்த ஒருவன் வாயிலை அடைத்து, பாறையைக் கார்மக்கிடம் ஒப்படைத்தான். இழந்த கோட்டை ஒரு கதவடைப்பில் திரும்பி வந்தது. அதன்பின் கார்மக் செய்ததுதான் வியப்பு. அயலார் மீண்டும் வந்து இதில் குடியேறக் கூடாது என்று கருதி, அக்கோட்டையை இடித்துத் தள்ள முடிவுசெய்தார். அவருடைய தலைமையிடத்தை அவரே இடித்தார். கல் தன்னைக் காக்கும் என்று நம்பாத தலைவர் அவர். கோட்டை பின்னர் மீண்டும் எழுந்தது. இடம் இருந்தது, மக்கள் இருந்தார்கள், ஆகவே எழுந்தது. இந்த ஒரு செய்திக்காகவே அவரை நினைக்கலாம்.

கார்மக் 1244இல் பாயில் மடத்தில் துறவியுடையில் இறந்தார். 1161இல் தோன்றிய அந்த சிஸ்டெர்சிய மடத்துக்கு அவர் குலத்தார் புரவலர்கள். அதே ஆண்டில், அயர்லாந்தின் பெருங்கவிஞர்களுள் ஒருவரான டொன்னகா மோர் ஓ டாலி மறைந்து அதே மடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஏடு இரண்டு சாவுகளையும் ஒரே ஆண்டின் கீழ், ஒரே குரலில் பதிவு செய்கிறது. தலைவனுக்குக் கூடுதலாகவோ கவிஞனுக்குக் குறைவாகவோ அது குரலை மாற்றவில்லை. கவிஞர் கூடும் அவையில் இது கவனிக்கத் தக்கது.

ஏடு, ஏடு என்று இதுவரை சொல்லிவந்தது பெரும்பாலும் 'லாக் கீ ஆண்டுக் குறிப்புகள்' என்னும் நூலையே. 1014இல் நடந்த க்ளான்டார்ஃப் போரில் தொடங்கி 1590 வரை, ஆண்டுதோறும் நிகழ்ந்தவற்றை ஐரிஷ் மொழியிலும் ஆங்காங்கே இலத்தீனிலும் எழுதிச் செல்வது. எழுதியவர்களுள் முதன்மையானவர்கள் கில்ரோனன் ஊரைச் சேர்ந்த ஓ டிகனன் குடும்பத்தார்; தலைமுறை தலைமுறையாக வரலாறு எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள். எழுதுவித்தவர் பிரயன் மக்டெர்மட், 1592இல் இறந்தவர். அவர் காலத்தில் ஆங்கில ஆட்சி கொனாக்ட் முழுவதையும் இறுக்கிப் பிடித்துவிட்டது. பழைய ஐரிஷ் சட்டமும், தலைவனைத் தேர்ந்தெடுக்கும் முறையும், கவிஞனுக்கு மானியமாக நிலம் விடும் வழக்கமும் கண்முன் சரிந்துகொண்டிருந்தன. அந்நேரத்தில் ஒரு தலைவர் மதிலை உயர்த்தாமல், ஆறு நூற்றாண்டுச் செய்திகளைப் படியெடுக்க எழுத்தர்களை அமர்த்துகிறார். சில இடங்களில் தம் கையாலேயே எழுதியும் இருக்கிறார். இது முன்னறிவா, வெறும் குலப்பெருமையா என்று பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் கலந்தே இருந்திருக்கும். குலப்பெருமை என்றால்கூட, அதனால் விளைந்த நன்மை குலத்தைத் தாண்டியது.

எழுத்தர்கள் தெய்வப் பிறவிகள் அல்லர். பிலிப் பாட்லி என்பவர், பிரயனின் இந்த நூலால் களைத்துப்போனதாக ஏட்டின் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறார். பழைய ஐரிஷ் சுவடிகளின் ஓரங்களில் இத்தகைய முணுமுணுப்புகள் ஏராளம்: குளிர், மை சரியில்லை, கை வலிக்கிறது. படியெடுத்தல் என்பது உடல் உழைப்பு என்பதை அறிந்தவர்களுக்கு அந்த ஓரக்குறிப்பு நடுப்பக்கத்துப் போர்களைவிட நெருக்கமாகத் தோன்றக்கூடும்.

நூல் முழுமையாக வந்து சேரவில்லை. 12ஆம் நூற்றாண்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடுபட்டுள்ளன. 14, 15ஆம் நூற்றாண்டுகளில் பெரும்பகுதி இல்லை. எஞ்சிய சுவடி டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. இறுதிப் பகுதியின் ஏடுகள் சில லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில். 1871இல் வில்லியம் ஹென்னெசி ஆங்கில மொழிபெயர்ப்போடு இரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தார். பாறையின் பெயர் உலகோர் வாயில் வழங்குவது அப்பதிப்பால்தான்.

17ஆம் நூற்றாண்டில் நிலங்கள் பறிபோயின. பாயில் மடத்து நிலங்களில் தொடங்கி ஏரியைச் சூழ்ந்த பகுதிகள் வரை கிங் குடும்பத்தார் கைக்கு வந்தன. மக்டெர்மட் குலத்தின் தலைமைக் கிளை மேற்கே, ஸ்லைகோ மாவட்டத்தின் தெற்குக் கோடியில் லாக் காரா ஏரிக்கு அருகே உள்ள கூலாவினுக்குப் பெயர்ந்தது. 'கூலாவின் இளவரசர்' என்னும் பட்டம் மட்டும் அவர்களிடம் நின்றது.

இங்கே ஒரு கிளைச் செய்தி. பாயிலில் முதலில் நிலம் பெற்ற சர் ஜான் கிங்கின் மகன் எட்வர்ட் கிங். கேம்பிரிட்ஜில் படித்த இளைஞன். 1637இல் அயர்லாந்துக்குக் கடலில் வரும்போது கப்பல் உடைந்து மூழ்கி இறந்தான். அவனுக்காக உடன் பயின்ற மில்டன் பாடிய கையறுநிலைப் பாட்டுதான் 'லிசிடஸ்'. ஆங்கிலக் கல்விகற்றோர் அனைவரும் அறிந்த அந்தப் பாடலின் நாயகன், ஐரிஷ் குலம் ஒன்றின் இடத்தில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. பாட்டுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் பறித்தவன் வீட்டுத் துயருக்கு அப்படியொரு பாட்டு வாய்த்தபோது, பறிகொடுத்தவர்களின் துயரை யார் பாடினார்கள் என்னும் வினா எழாமல் இராது.

பாடியவர்கள் உண்டு. குலத்தின் மற்றொரு கிளையான மக்டெர்மட் ரோ குடும்பத்துப் பெண்மணி ஒருவர்தான், அம்மையால் கண்ணிழந்த பதினெட்டு வயது இளைஞனை யாழ் கற்பித்து, குதிரையும் வழித்துணையும் கொடுத்து அனுப்பினார். அவன் அயர்லாந்தின் புகழ்பெற்ற யாழிசைக் கலைஞர் டர்லோ ஓ கரோலன் ஆனான். 1738இல் அவ்வீட்டுக்கே திரும்பி வந்து இறந்தார். ஆண்டுக் குறிப்பு எழுதியவர்களின் ஊரான கில்ரோனனில் அடக்கமானார்.

ஆனால் ஏரியோடு பிரிக்க முடியாமல் பிணைந்துவிட்ட பாட்டு வேறு: 'ஊனா வான்'. வெண்ணிற ஊனா, அல்லது பொன்முடி ஊனா என்று பொருள் கொள்ளலாம். ஊனா மக்டெர்மட் குலத்துப் பெண். அவள்மேல் காதல் கொண்டவன் தோமாஸ் லாதிர், 'வலிய தோமாஸ்' என்று பெயர் பெற்ற காஸ்டெல்லோ குடும்பத்து வீரன். காலம் 17ஆம் நூற்றாண்டு என்று மரபு சொல்கிறது. பெண்ணின் தந்தை மறுத்தார். ஊனா நோயில் விழுந்தாள். இறுதியில் தோமாஸ் வந்து பார்க்க அனுமதி கிடைத்தது. அவன் வந்ததும் அவள் அமைதியாக உறங்கினாள். அவன் கீழே வந்து காத்திருந்தான். வீட்டார் யாரும் அவனிடம் ஒரு சொல் பேசவில்லை. மானம் உறுத்த, குதிரையேறிப் புறப்பட்டான். ஆற்றுத்துறையைக் கடப்பதற்குள் அழைப்பு வந்தால் திரும்புவேன், கடந்துவிட்டால் திரும்பமாட்டேன் என்று சூளுரைத்தான்.

துறையின் நடுவே, நீருக்குள் குதிரையை நிறுத்திக் காத்திருந்தான். நேரம் போயிற்று. உடன் வந்த ஏவலாள், இப்படி அவமதித்தவர்களுக்காக நீரில் நின்று குளிர்வதா என்று குத்திக்காட்டினான். தோமாஸ் கரையேறினான். ஏறிய சிறுபொழுதில், பின்னால் தூதன் கூவிக்கொண்டு வந்தான். சூளுரை சூளுரைதான், அவன் திரும்பவில்லை. ஊனா இறந்தாள். ஏரியிலுள்ள வேறொரு தீவில், டிரினிட்டி மடம் இருந்த தீவில், அவளைப் புதைத்தனர். இரவுதோறும் அவன் நீந்திச் சென்று கல்லறையருகே கிடந்தான் என்றும், அக்குளிரிலேயே நோயுற்று இறந்தான் என்றும், அவனையும் அங்கேயே புதைக்க, இரு கல்லறைகளிலிருந்தும் எழுந்த மரங்கள் மேலே பின்னிக்கொண்டன என்றும் சொல்வார்கள். மரங்கள் பின்னுவது பல நாட்டுக் காதற்கதைகளுக்கும் பொதுவான முடிவு. அதில் புதுமை இல்லை. ஆற்றின் நடுவே ஒருவன் காத்து நின்ற அந்தச் சில நாழிகைதான் இக்கதைக்கே உரியது. போகவும் மனமில்லை, திரும்பவும் மானம் விடவில்லை. தோமாஸே பாடியதாக வழங்கும் அப்பாட்டின் உயிர் அங்கே இருக்கிறது.

பாட்டு கூலிக்கு எழுதுவித்த ஏட்டில் இல்லை, வாய்வழியே வந்தது. டக்ளஸ் ஹைட் 1893இல் வெளியிட்ட 'கொனாக்ட் காதற்பாடல்கள்' தொகுப்பில் கதையோடு சேர்த்து அச்சேற்றினார். இசைக்கருவி ஏதுமின்றித் தனிக்குரலில் பாடும் ஐரிஷ் மரபில் இது பெரும்பாட்டு. பாடகனின் திறத்துக்கு உரைகல்லாகக் கருதப்படுவது. கொனமாராவின் ஜோ ஹீனி (1919–1984) பாடிய ஒலிப்பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது.

அந்த ஹைட்டின் வீட்டுக்கு 1895இல் விருந்தினராக வந்தவர் வில்லியம் பட்லர் யேட்ஸ். வயது இருபத்தொன்பது. லாக் கீயில் படகில் போனபோது பாறைத் தீவின் கோட்டையைக் கண்டார். அன்று கூரை உறுதியாக இருந்தது. சாளரக் கண்ணாடிகள் உடையவில்லை. உடனே அவர் உள்ளத்தில் ஒரு திட்டம் எழுந்தது. கோட்டையை விலைக்கோ வாடகைக்கோ பெற்று, அயர்லாந்தின் வீரர்களையும் பழந்தெய்வங்களையும் தியானிக்கும் ஒரு மறைநெறிச் சங்கம் அமைப்பது. கிரேக்கத்து எலூசிஸ் போல அங்கே சடங்குகள் நிகழ்த்துவது. மாட் கான் அம்மையாரும் நண்பர்கள் சிலரும் துணை நின்றனர். ஏறத்தாழப் பத்தாண்டு தம் ஆழ்ந்த சிந்தனையெல்லாம் அச்சங்கத்துக்கான தத்துவத்தையும் சடங்கையும் தேடுவதிலேயே வீணே கழிந்தது என்று அவரே தன்வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார்.

அக்கோட்டை பழையது அன்று, எழுபது எண்பது ஆண்டுகளுக்குமுன் யாரோ ஒரு கற்பனை மோகி கட்டியது என்பது யேட்சுக்குத் தெரியும். அவரே எழுதியிருக்கிறார். கடைசியாக அங்கே வாழ்ந்தவர் ஹைட்டின் தந்தை. அவரும் பதினைந்து நாளைக்குமேல் தங்கவில்லை. அதைவிடச் சுவையான செய்தி ஒன்றும் தருகிறார். வட்டாரத்து ஐரிஷ் பேசும் மக்கள், எதற்கும் உதவாத ஒரு பொருளைக் குறிக்க 'பாறைமேல் கோட்டை' என்று சொல்வார்களாம். மொய்லர்க்கின் தலைமையிடம் ஒரு பழமொழியில் கேலிப்பொருளாகியிருந்தது. அந்தக் கேலியை அறிந்தும் பெருங்கவிஞர் அதன்மேல் பத்தாண்டுக் கனவைக் கட்டினார் என்றால், குறை அவருடைய அறிவில் இல்லை. இடம் கிடைத்துவிட்டால் மற்றவை தாமே வரும் என்னும் நம்பிக்கையில் இருந்தது. பிரயன் மக்டெர்மட்டிடம் எழுத்தர்கள் இருந்தனர். அவர்களுக்குச் சோறும் நிலமும் இருந்தன. எழுத வேண்டிய ஆறு நூற்றாண்டும் இருந்தது. யேட்சிடம் கோட்டையின் வடிவம் மட்டுமே இருந்தது. சங்கம் அமையவில்லை, சடங்குகள் வரைவுகளாகவே நின்றன.

ஆயினும் அந்த ஏரி அவரை வெறுங்கையோடு அனுப்பிவிடவில்லை. தோமாஸ், ஊனா கதையைச் சிறுகதையாக எழுதினார். 1897இல் வெளியான 'மறை ரோஜா' தொகுப்பில் அது உள்ளது. அதில் காஸ்டெல்லோவைக் கரையேறத் தூண்டுவது ஒரு குழலிசைக்காரனின் கசந்த நாக்கு. மறைநெறி பற்றிய அவர் குறிப்புகளை இன்று ஆய்வாளர் மட்டுமே புரட்டுகின்றனர். கதையைப் பிறரும் படிக்கின்றனர்.

கிங் குடும்பத்துக்காக ஜான் நாஷ் வரைந்து கட்டிய ராக்கிங்ஹாம் மாளிகை 1957இல் தீக்கிரையாயிற்று. எஞ்சிய சுவர்களும் 1971இல் இடிக்கப்பட்டன. எந்தப் பலகணியிலிருந்து பார்ப்பதற்காக அலங்காரக் கோட்டை கட்டப்பட்டதோ, அந்தப் பலகணி இப்போது இல்லை. மாளிகை நின்ற தோட்டம் பொதுமக்களுக்கான வனப் பூங்காவாகிவிட்டது. மாளிகை இருந்த இடத்தில் ஒரு காட்சிக் கோபுரம் எழுப்பி, அதற்கு மொய்லர்க் கோபுரம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஏறிப் பார்ப்பவர்க்குத் தீவும் கோட்டையும் தெரியும். சற்று அப்பால், மரங்களுக்கிடையே, ஊனாவைப் புதைத்த தீவும் தெரியும்.